கதையை நம்பி டை போடாதீர்கள்

2020 பிப்ரவரியில் மத்திய அரசு பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்த்தியது. 2023-ல் அது 70 சதவீதமானது. இடையில், 2021 ஜனவரி 1 முதல், ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை விற்கக் கூடாது என்ற ஆணையும் நடைமுறைக்கு வந்தது. விளைவு கணக்கில் தெரிந்தது. 2018-19-ல் சுமார் 37 கோடி டாலராக இருந்த பொம்மை இறக்குமதி, 2021-22-ல் 11 கோடி டாலராக இறங்கிவிட்டது.

சித்தூர் மாவட்டத்துச் சாந்திபுரத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. மேற்கே கர்நாடகத்துக்குள் போனால் மரப்பொம்மைக்குப் பேர்போன சென்னபட்டணம். கிழக்கே தமிழ்நாட்டு எல்லை தாண்டினால் ராணிப்பேட்டையில் எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் ஆலை. திருப்பதி மாவட்டத்தின் தெற்குக் கோடியில், ஸ்ரீசிட்டியில், மென்பொம்மை தைக்கும் தொழிற்சாலை. இவற்றுக்கு நடுவில், பூவும் தக்காளியும் பட்டுக்கூடும் நம்பி வாழும் இந்தப் பக்கத்து ஊர்களில், விலை சரிந்த ஒரு பருவத்துக்குப் பிறகு ‘பையனுக்கு ஒரு சின்ன யூனிட் வைத்துக் கொடுக்கலாமா’ என்று கணக்குப் போடும் குடும்பங்கள் உண்டு. பிளாஸ்டிக் வார்க்கும் மெஷின் ஒன்று, டை எனும் வார்ப்பு அச்சு இரண்டு மூன்று, வங்கிக் கடன். பிளாக்ஸ் போடலாம், பெட்டி மேல் ராமாயணம் போடலாம், அல்லது வரப்போகும் பெரிய படத்தின் நாயகனைப் போடலாம். இந்த யோசனையில் ஆபத்து மெஷினிலோ கடனிலோ இல்லை, பெட்டி மேல் போடும் படத்தில் இருக்கிறது. வரி வெளிநாட்டுச் சரக்கைத்தான் தடுக்கும். எந்த தீம் ஓடும், எது கிடங்கிலேயே கிடக்கும் என்பதில் செய்யும் பிழையை எந்த வரியாலும் தடுக்க முடியாது. அந்தப் பிழையால் உலகத்தின் பெரிய பொம்மைக் கம்பெனியே ஒருமுறை கவிழப் பார்த்தது.

டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில், ஓலே கிர்க் கிறிஸ்டியன்சென் என்ற தச்சர் 1932-ல் தொடங்கிய பட்டறைதான் லெகோ. முதலில் செய்தது மரப்பொம்மை. மேலே குமிழும் அடியில் குழாயும் உள்ள இன்றைய கட்டைக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அந்த ஆண்டில் வார்த்த கட்டை, நேற்றுக் கடையில் வாங்கிய கட்டையோடு இன்றும் பொருந்தும். தாத்தா விளையாடிய பெட்டியைப் பேரன் திறந்து, தன் புதுப் பெட்டியோடு கலந்துகொள்ளலாம். எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டை ஆறை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று டென்மார்க் கணிதப் பேராசிரியர் ஒருவர் கணக்கிட்டார். விடை 91,51,03,765. வெறும் ஆறே கட்டைக்கு இத்தனை.

அந்தப் பொருத்தம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மேல் கட்டையை அழுத்தும்போது அதன் உட்சுவரும் குழாயும் கீழ்க் கட்டையின் குமிழைப் பிடிக்கின்றன. ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் மயிரிழை அளவு விரிந்து கொடுத்து, பழைய நிலைக்குத் திரும்பும்போது கவ்விக்கொள்கிறது. டையின் துல்லியம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால்தான் இது நடக்கும். பக்கத்து ஊரான குப்பத்தில் கங்கம்மா ஜாத்திரையின்போது தரையில் பரப்பி விற்கும் பிளாக்ஸ் பாக்கெட் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். சிவப்பு நிறக் கட்டை சிவப்போடு சேரும், மஞ்சளோடு சேராது. மூன்று அடுக்கு வரை சுவர் நிற்கும், நான்காவதில் சாயும். சில கட்டைகள் அப்படி இறுகிப்போகும், குழந்தை பல்லால் கடித்துப் பிரிக்கும். இரண்டாம் நாள் அந்தப் பாக்கெட் கட்டிலுக்கடியில் போய்விடும். அப்பா திரும்ப வாங்க மாட்டார். முதல் தோல்வி தீமுக்கும் முன்னால், டை அறையிலேயே நடந்துவிடுகிறது.

சரிவு வந்த காலத்தில் லெகோவுக்கு இந்தக் குறை இருந்ததில்லை. அதனால்தான் அதன் சரிவு படிக்க வேண்டிய பாடம்.

1998-ல் கம்பெனி வரலாற்றிலேயே முதன்முறையாக நஷ்டம் கண்டது. வீடியோ கேம் வந்துவிட்டது, குழந்தைகளுக்குப் பொறுமை போய்விட்டது, கட்டுவதற்கு நேரமில்லை என்று மேலிடத்தில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் வந்த தீம்கள் அந்த முடிவிலிருந்து பிறந்தவை. 2001-ல் வந்த ஜாக் ஸ்டோன் செட்டில் மனித உருவம் பெரிதானது, துண்டுகளின் எண்ணிக்கை குறைந்தது. கட்டுவதற்கு வேலையே இல்லை. 2002-ல் வந்த கேலிடார் இன்னும் ஒரு படி போனது. ஒரு தொலைக்காட்சித் தொடரோடு சேர்த்து இறக்கிய பொம்மை அது. கையும் காலும் கழற்றி மாற்றும் உருவங்கள். துண்டுகள் பெரும்பாலும் அதற்கென்றே செய்தவை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கட்டைக் குவியலோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை. தொடர் அதே ஆண்டு ஆகஸ்டில் முடிந்தது, பொம்மையும் அதோடு போயிற்று. அதே 2002-ல், சின்னக் குழந்தைகளுக்கான டூப்ளோ என்ற பழகிய பெயரையே எடுத்துவிட்டு எக்ஸ்ப்ளோர் என்று புதுப்பெயர் வைத்தார்கள். கடையில் டூப்ளோ தேடி வந்த தாய்மார்களுக்கு அது கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் பழைய பெயரையே திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இதற்கெல்லாம் விலை எங்கே விழுந்தது என்றால், டையில். 1997-ல் லெகோவின் துண்டு வகைகள் ஏறத்தாழ 6,000. 2004-ல் அது 14,000-ஐத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு தீமுக்கும் புதுப்புது துண்டு வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் கேட்டார்கள், கொடுக்கப்பட்டது. அவற்றில் பெரும்பான்மை ஒரே ஒரு செட்டில் மட்டும் பயன்பட்டவை. ஒரு டை பல லட்சம் ரூபாய் விழுங்கும் தொழிலில், ஒரு பருவம் ஓடி நிற்கும் பொம்மைக்காகச் செய்த டை இரும்புக் கடைக்குப் போகிற விலைதான் பெறும்.

இன்னொரு அடி சினிமாவிலிருந்து வந்தது. 1999-ல் ஸ்டார் வார்ஸ் உரிமையும் 2001-ல் ஹாரி பாட்டர் உரிமையும் வாங்கி, படம் வந்த ஆண்டுகளில் லெகோ கொழித்தது. 2002-ல் இரண்டுக்கும் படம் வந்தது. 2003-ல் இரண்டில் எதற்கும் புதுப்படம் இல்லை. முந்தைய கிறிஸ்துமஸில் விற்காத சரக்கு கடைகளில் தேங்கியிருக்க, விற்பனை ஏறத்தாழ கால் பங்கு சரிந்தது. 2004-ல் நஷ்டம் 180 கோடி டேனிஷ் குரோனருக்கு மேல். அந்த ஆண்டு 35 வயது யோர்கன் விக் நூட்ஸ்டார்ப், குடும்பத்துக்கு வெளியே இருந்து தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அவர் செய்ததில் பாதி, வெட்டியதுதான். துண்டு வகைகளைப் பாதியாகக் குறைத்தார்; 2005-ல் லெகோலேண்ட் பூங்காக்களின் பெரும்பங்கை விற்றார். புதிதாக இறக்கியதில் நன்றாக ஓடியது எது தெரியுமா? போலீஸ் நிலையம், தீயணைப்பு வண்டி, லாரி. அதாவது சாந்திபுரம் கூட்டுச் சாலையில் ஒரு குழந்தை தினமும் பார்க்கிற அதே பொருள்கள். கதை எதுவும் விளக்க வேண்டியதில்லை. தீ பிடித்தால் வண்டி வர வேண்டும் என்று நான்கு வயதுக்குத் தெரியும்.

சினிமாவை ஒதுக்கிவிடு என்று இதற்குப் பொருள் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்டார் வார்ஸ் செட் 25 ஆண்டுகள் தாண்டியும் ஓடுகிறது. அதே கம்பெனி 2010-ல் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’, 2013-ல் ‘லோன் ரேஞ்சர்’ படங்களுக்கும் செட் போட்டது. லோன் ரேஞ்சர் டிஸ்னிக்கு 16 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் வைத்த படம். அதன் பொம்மைகள் ஒரு வருடத்துக்குள் அலமாரியை விட்டுப் போய்விட்டன. வித்தியாசம் படத்தின் பெருமையில் மட்டும் இல்லை என்பது என் கருத்து. ஸ்டார் வார்ஸில் கப்பல் இருக்கிறது. படம் பார்க்காத பிள்ளையும் அந்தக் கப்பலைக் கையில் எடுத்துப் பறக்கவிடும். லோன் ரேஞ்சரில் கதை தெரியாமல் என்ன விளையாடுவது? குதிரை, ரயில், இரண்டு ஆள். அவை எங்கும் கிடைக்கின்றன.

சொந்தக் கதையிலும் இதே சோதனைதான். 2011-ல் நிஞ்சாகோ என்ற தீமை, கார்ட்டூன் தொடரோடு சேர்த்து இறக்கினார்கள். சில ஆண்டு ஓட்டிவிட்டு முடித்துக்கொள்வதாகத்தான் திட்டம். அதன் இடத்தைப் பிடிக்க 2013-ல் சீமா வந்தது: விலங்குக் குலங்கள், அவை அடித்துக்கொள்ளும் மந்திரச் சக்தி, பெரும் விளம்பரம், தனி கார்ட்டூன். சீமா 2015-ல் நின்றது. முடிக்க நினைத்த நிஞ்சாகோ, பிள்ளைகள் விடாததால் இன்றும் ஓடுகிறது. பல ஆண்டு அனுபவமும், ஆராய்ச்சிக் குழுவும், கோடிக்கணக்கில் பணமும் உள்ள கம்பெனிக்கே எது நிற்கும் எது விழும் என்று முன்கூட்டித் தெரியவில்லை. இந்த ஒன்றை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிஞ்சாகோவில் டிராகன், கோயில், வாள், பறக்கும் வண்டி என்று எடுத்ததும் விளையாடத் தெரிகிற பொருள்கள் இருந்தன. சீமாவில் எந்தக் குலம் எந்தக் குலத்துக்கு எதிரி என்று முதலில் பாடம் படிக்க வேண்டியிருந்தது.

பெண்குழந்தைகள் விஷயத்தில் லெகோ பல முறை தோற்றது. 1979-ல் ஸ்காலா என்று நகைகள், 1994-ல் பெல்வில், 2003-ல் கிளிக்கிட்ஸ். எதுவும் நிலைக்கவில்லை. பெரும்பாலும் அலங்காரப் பொருளைக் கொடுத்தார்கள், கட்டும் வேலையைக் குறைத்தார்கள். நான்கு ஆண்டுகளாகப் பெண்குழந்தைகளோடு உட்கார்ந்து பார்த்த பிறகு 2012-ல் ஃப்ரெண்ட்ஸ் வந்தபோது எதிர்ப்பும் கிளம்பியது, கையெழுத்து இயக்கமும் நடந்தது. ஆனால் அதில் கட்டுவதற்கு வீடு இருந்தது, கடை இருந்தது, கால்நடை மருத்துவமனை இருந்தது, எல்லாம் பழைய கட்டையோடு பொருந்தின. எதிர்பார்த்ததைப் போல் இரண்டு மடங்கு விற்றது.

கைபேசியை நம்பிய தீம்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2019-ல் ஹிட்டன் சைட், 2021 மார்ச்சில் யுனிவர்சல் மியூசிக்கோடு சேர்ந்து ‘விடியோ’ என்ற தீம். செயலி இல்லாமல் பாதி விளையாட்டு இல்லை. விடியோ சில மாதங்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, 2022 தொடக்கத்தில் மூடப்பட்டது. பிள்ளையிடம் கைபேசி கொடுக்காமல் இருக்கத்தானே பெற்றோர் பொம்மை வாங்குகிறார்கள்!

இவ்வளவும் டென்மார்க் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. நம் பக்கத்தில் இதே விதி பல தலைமுறையாக நடந்துகொண்டிருக்கிறது, கொலுப் படியில். பொம்மை வியாபாரிகள் பேச்சிலும் ‘செட்’ என்றுதான் பெயர்: கல்யாண செட், தசாவதார செட், கிரிக்கெட் செட். ஒவ்வொரு நவராத்திரிக்கும் புதிதாக ஏதாவது வரும். கிரிக்கெட் செட் போல நாட்டில் எது பேச்சாக இருக்கிறதோ அது களிமண்ணில் வந்துவிடும். அவற்றில் பல அடுத்த ஆண்டு பரணிலிருந்து இறங்குவதில்லை. ஆனால் எந்த வீட்டிலும் படியில் தவறாமல் ஏறுவது மரப்பாச்சி ஜோடி. திருப்பதிக்குப் போனவர்கள் வாங்கிவந்த, செஞ்சந்தன மரத்தில் கடைந்த ஆணும் பெண்ணும். அந்த ஜோடிக்குக் கதை கிடையாது. முகத்தில் பாவனையும் அதிகம் இல்லை. வீட்டுப் பெண்குழந்தை பழைய ரவிக்கைத் துணியில் அதற்குப் பாவாடை தைக்கிறாள், ஜரிகை ஒட்டுகிறாள், ஒரு வருடம் ராஜா ராணி, மறு வருடம் மணமக்கள். பாட்டியின் மண்பொம்மையோடும் நேற்று வாங்கிய பிளாஸ்டிக் யானையோடும் ஒரே படியில் நிற்கிறது. கல்யாணமாகிப் போகும்போது கூடவே போகிறது. பில்லுண்டில் கோடிக்கணக்கில் இழந்து கற்றுக்கொண்ட இரண்டு குணமும், அதாவது பழையதோடு சேர்வதும் குழந்தைக்கு வேலை வைப்பதும், இந்த ஒரு முழத்துக்கும் குறைந்த மரத்துண்டில் இருக்கின்றன.

அப்படிப்பட்ட பொம்மையும் இன்று தளர்ந்துபோயிருக்கிறது என்பதுதான் வேதனை. அதற்குக் காரணம் குழந்தைகள் அல்ல. சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா, நல்லமலை மலைகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக அதிகம் விளையாத இந்தச் செஞ்சந்தன மரம், அதாவது செம்மரம், கடத்தலால் அழிவின் விளிம்புக்குப் போனது. 1995-லிருந்து சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த மரத்தின் பெயரால்தான். இப்போது மரப்பாச்சி என்று விற்பதில் பெரும்பகுதி வேறு மரத்தில் செய்து சாயம் பூசியது. தீம் சரியாக இருந்தாலும் மூலப்பொருள் கைவிட்டால் பொம்மை நிற்காது. சென்னபட்டணத்து வெட்பாலைக்கும் கொண்டபள்ளியின் பொனிக்கி மரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மரம் நடாமல் பொம்மை மட்டும் செய்துகொண்டிருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நம் நாட்டுக் கதாபாத்திரம் பொம்மையில் ஓடாது என்பதும் உண்மையல்ல. ஐதராபாதின் ராஜீவ் சிலகா உருவாக்கிய சோட்டா பீம் 2008-லிருந்து போகோ சேனலில் வருகிறது. அந்த உருவம் பென்சில் பெட்டியிலும் பையிலும் பொம்மையிலும் வருஷக்கணக்காக நின்றது. நாள் தவறாமல் வீட்டுக்குள் வந்தது அதன் பலம். ஒரு வெள்ளிக்கிழமை வந்து மூன்றாம் வாரம் தியேட்டரை விட்டுப் போகும் படத்துக்கு அந்தப் பலம் கிடையாது. குழந்தை திரும்பத் திரும்பப் பார்க்காத கதை, அதன் விளையாட்டுக்குள் இறங்குவதில்லை.

இனி, இந்தப் பக்கத்தில் பிளாக்ஸ் யூனிட் போட நினைப்பவர்கள் காகிதம் எதிலும் கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

குமிழும் குழாயும் உள்ள அடிப்படைக் கட்டைக்கு லெகோவின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அந்த வடிவத்தை வணிகச் சின்னமாகக் காத்துக்கொள்ளும் முயற்சியையும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010 செப்டம்பரில் நிராகரித்தது. ஆகவே அதனோடு பொருந்தும் கட்டை செய்வது பிழைப்புக்கு நியாயமான வழி. பொருந்துமாறு செய்வதுதான் புத்திசாலித்தனமும் கூட, வாங்குகிற வீட்டில் ஏற்கெனவே கட்டை இருந்தால் உங்கள் பெட்டி அதோடு சேர்ந்துவிடும். ஆனால் லெகோவின் சின்ன மனித உருவத்தையோ, பெட்டி வடிவமைப்பையோ, முழு செட்டையோ நகலெடுப்பது வேறு. லெபின் என்ற சீன நகல் கம்பெனி அப்படித்தான் செய்தது. 2019 ஏப்ரலில் போலீஸ் உள்ளே நுழைந்தது, அதன் தலைவருக்குச் சிறை கிடைத்தது.

டைக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதி எல்லா செட்டிலும் பயன்படும் சாதாரணக் கட்டைக்கே போகட்டும். தேரோ, புஷ்பக விமானமோ, கோபுரமோ எதுவானாலும் அதே கட்டையில் கட்டிக் காட்ட முடிகிறதா என்று முதலில் மேஜையில் வைத்துப் பாருங்கள். முடியவில்லை, தனியாக ஏழெட்டு துண்டு வேண்டும் என்று வடிவமைப்பவர் சொன்னால், அந்த ஏழெட்டும் அடுத்த செட்டில் எங்கே வரும் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அந்த டை போடாதீர்கள்.

புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும், பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் ஐஎஸ்ஐ ஆணையிலிருந்து விலக்கு உண்டு. பிளாஸ்டிக் வார்ப்பவருக்குக் கிடையாது. ஐஎஸ் 9873 தரப்படி சோதனை நடக்கும். சின்னத் துண்டு, கூர் விளிம்பு, சாயத்தில் உள்ள ஈயம் போன்ற உலோகம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். உரிமம் வாங்க ஆகும் காலத்தைத் தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள். சரக்கு தயாராகி முத்திரை வராமல் கிடந்தால் பருவம் போய்விடும்.

படத்தின் உரிமை வாங்குவதென்றால், சினிமாவில் எல்லோரும் அறிந்த மினிமம் கேரண்டிதான் இங்கேயும். விற்றாலும் விற்காவிட்டாலும் அந்தத் தொகை போனதுதான். ஒப்பந்தத்தில் மூன்று வரியைத் தேடிப் படியுங்கள். படம் தள்ளிப்போனால் ஒப்பந்தக் காலம் நீளுமா, அல்லது அறிவித்த தேதியிலிருந்தே ஓடுமா? காலம் முடிந்தபின் மீதிச் சரக்கை விற்க எத்தனை மாதம் தருகிறார்கள்? அதற்கும் பிறகு மிஞ்சுவதை யார் செலவில் அழிக்க வேண்டும்? பெரும்பாலும் அழிக்க வேண்டியவர் நீங்கள்தான். பெட்டியில் நாயகன் முகம் இருப்பதால் பெயரை மாற்றி விற்கவும் முடியாது. உள்ளே இருப்பது சாதாரணக் கட்டையாக இருந்தால் மட்டும், அட்டையைக் கிழித்துவிட்டு வேறு பெட்டியில் போட்டு அதே விலைக்குக் கொடுக்கலாம்.